ஆலையில் நலக்குழு அமைக்கப் போகிறீர்களா?

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 21 வந்தால் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பல ஆலைகளின் வாசலில் யோகா தின பேனர் தொங்கும். பாய் விரித்து அரை மணி நேரம் உட்காருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், ஜூஸ் குடித்துக் கலைவார்கள். மறுநாள் காலை ஷிப்ட்டுக்கு வருகிறவர் அதே இடுப்பு வலியோடு தகடு அழுத்தும் அதே பிரஸ் மிஷினின் முன்னால் நிற்பார். யோகாவின் மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அந்த இடுப்பு வலியைப் பற்றி ஜூன் 22 அன்று யார் கேட்பார்கள் என்பதுதான் என் கவலை.

நான் அம்பத்தூரில் வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஓர் ஆலையில் தொழிலாளர் நல அலுவலர். அதற்கு முன் ஆலை மருத்துவ அறையில் நர்ஸாக இருந்தேன். இரண்டு நாற்காலிகளிலிருந்தும் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிவது ஒன்றுதான்: ஆரோக்கியத் திட்டத்தை நடத்துகிற நலக்குழுவில் இருப்பவர்கள் மிஷின் பக்கத்திலேயே வேலை செய்கிறவர்களாக இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டும், கையில் கொஞ்சம் பணம் வேண்டும், கேட்டதற்கு எழுத்தில் பதில் வர வேண்டும். இவை இருந்தால் குழு நிற்கும். இல்லாவிட்டால் எத்தனை மருத்துவ முகாம் நடத்தினாலும் அது முகாமாகவே முடிந்துவிடும்.

உங்கள் ஆலையிலோ அலுவலகத்திலோ இப்படி ஒரு குழுவை அமைக்க நினைத்தால், நாங்கள் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

யாரைச் சேர்ப்பது

அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டி, விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று எழுதாதீர்கள். பெயர் கொடுப்பவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே ஆரோக்கியத்தில் அக்கறை உள்ள இளைஞர்களாக இருப்பார்கள். மீதிப் பேரைச் சூப்பர்வைசர்கள் அனுப்பியிருப்பார்கள். அவர்கள் நல்ல மனிதர்கள்தான், ஆனால் மற்றவர்கள் தங்கள் கஷ்டத்தைச் சொல்லத் தேடிப் போகிற ஆட்கள் பெரும்பாலும் அவர்கள் இல்லை.

தேடிப் போகிற ஆட்கள் எல்லா ஆலையிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு பிரிவிலும் போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். திடீரென்று தலை சுற்றினால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? வீட்டில் அவசரம் என்றால் யாரிடம் நூறு, இருநூறு கைமாற்றாக வாங்குவீர்கள்? இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீட்டு) ஆஸ்பத்திரியில் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? பதிலில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள்தான் உங்கள் குழு. எங்கள் பிரஸ் ஷாப்பில் எல்லோரும் ஒரே ஓர் அண்ணன் பெயரைச் சொன்னார்கள். மேடையில் ஏற்றினால் அவருக்கு இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது. ஆனால் யாருக்காவது கை நசுங்கினால் வேனில் கூடவே ஏறி ஆஸ்பத்திரி வரைக்கும் போகிறவர் அவர்தான். பேக்கிங் பிரிவில் ஓர் அக்கா சீட்டுப் பிடிக்கிறார். யார் வீட்டில் பணக்கஷ்டம், யார் சரியாகச் சாப்பிடாமல் வருகிறார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இப்படிப்பட்டவர்களை நேரில் போய் அழையுங்கள். முதலில் தயங்குவார்கள். படிப்பு இல்லை, பேச வராது என்பார்கள். பேசத் தேவையில்லை, இப்போது செய்வதையே செய்யுங்கள், அதற்கு நாங்கள் துணை நிற்கிறோம் என்று சொல்லுங்கள்.

எண்ணிக்கை பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. இருபதைத் தாண்டினால் அது கூட்டமாகிவிடும், ஐந்துக்குக் கீழே போனால் இரவு ஷிப்ட்டுக்கு ஆள் இருக்காது. ஷிப்ட் ஒவ்வொன்றிலும் இரண்டு பேராவது வேண்டும். ஒருவர் விடுப்பில் போனாலும் மற்றவர் இருப்பார்.

பலர் விட்டுவிடுகிற ஆட்களையும் சொல்லிவிடுகிறேன். கான்ட்ராக்ட் தொழிலாளர் ஒருவர் கட்டாயம் வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வரலாம், ஆனால் சூடும் சத்தமும் எல்லோருக்கும் ஒன்றுதான். துப்புரவுப் பிரிவிலிருந்து ஒருவர் வேண்டும். கழிப்பறையின் உண்மை நிலை அவருக்குத் தெரிகிற அளவுக்கு எந்த அதிகாரிக்கும் தெரியாது. கேன்டீனிலிருந்து ஒருவர், செக்யூரிட்டியிலிருந்து ஒருவர். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்தவர்கள் வேலை செய்கிறார்கள் என்றால் அவர்களில் ஒருவர். தமிழும் இந்தியும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தால் போதும். காய்ச்சலோடு நிற்கிற பையன் தன் மொழியில் சொல்ல ஓர் ஆள் இருப்பது பெரிய விஷயம்.

மேலாளர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள். கையெழுத்துப் போட அதிகாரம் உள்ள ஒருவர் மட்டும் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடம் வந்து உட்காரட்டும். அவர் முதலிலிருந்தே இருந்தால் பாதி விஷயங்கள் வாய்க்குள்ளேயே நின்றுவிடும்.

யூனியன் இருந்தால் அவர்களிடம் முதலிலேயே போய்ப் பேசுங்கள். தங்கள் இடத்தைப் பிடிக்க நிர்வாகம் செய்கிற ஏற்பாடு இது என்று அவர்கள் சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு. சம்பளம், போனஸ், ஒழுங்கு நடவடிக்கை எதிலும் நலக்குழு தலையிடாது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். இந்த ஊரில் தொழிலாளர் நலம் நிர்வாகங்கள் தாமாகக் கொண்டுவந்த ஒன்றில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 1918 ஏப்ரலில் பி.பி. வாடியா, திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு ஆகியோர் பெரம்பூர் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கியபோது, மதியச் சாப்பாட்டுக்குப் போதிய நேரம் இல்லை என்பது அன்றைய குறைகளில் ஒன்று. சாப்பாட்டு நேரம் போதுகிறதா என்று உங்கள் ஆலையில் இன்றைக்கும் கேட்டுப் பாருங்கள்.

நிர்வாகத்திடம் எழுதி வாங்க வேண்டியவை

முதலாவது நேரம். மாதத்துக்கு இரண்டு மணி நேரம் குழு உறுப்பினர்களுக்கு வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். ஷிப்ட் முடிந்த பிறகு கூட்டம் வைத்தால் அரக்கோணம், திருத்தணி பக்கம் போகிறவர்கள் ரயிலைப் பார்த்து ஓட வேண்டியிருக்கும். மூன்றாவது கூட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். லைனில் அவர்கள் இடத்தில் யார் நிற்பது என்பதையும் சூப்பர்வைசரோடு முன்கூட்டியே பேசி முடியுங்கள். இதைப் பேசாமல் விட்டால் உறுப்பினருக்கும் பக்கத்து மிஷின்காரருக்கும் மனஸ்தாபம் வரும்.

இரண்டாவது பணம். பெரிய தொகை வேண்டாம். ஒவ்வொரு முறையும் பர்ச்சேஸ் பிரிவின் வாசலில் நிற்காமல் குழு தானே செலவழிக்கக்கூடிய ஒரு தொகை இருந்தால் போதும். ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பாக்கெட், ரத்த அழுத்தம் பார்க்கும் மிஷினுக்குப் பேட்டரி, கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போன்றவை ஒரு வாரத்தில் வந்து சேர வேண்டும்.

மூன்றாவது பதில். குழு கேட்கிற எதற்கும் 15 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். முடியாது என்றால் ஏன் முடியாது என்று ஒரு வரி எழுதினாலும் போதும். மறுப்பைக்கூடத் தொழிலாளர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள், மௌனத்தைத்தான் பொறுக்கமாட்டார்கள்.

பாதுகாப்புக் குழு ஏற்கெனவே இருக்கிறதே, இது எதற்கு என்று நிர்வாகம் கேட்கும். பாதுகாப்புக் குழு மிஷினையும் விபத்தையும் பார்க்கிறது. நலக்குழு அந்த மிஷினை ஓட்டுகிறவரின் உடம்பையும் மனசையும் பார்க்கிறது. முன்னதைப் பின்னதோடு கலந்தால் நேரமெல்லாம் ஹெல்மெட்டுக்கும் ஷூவுக்குமே போய்விடும்.

முதல் வேலை: தண்ணீர், கழிப்பறை, நாற்காலி

குழு அமைந்ததும் உடனே முகாம், போட்டி, சொற்பொழிவு என்று கிளம்பாதீர்கள். முதல் மாதம் சுற்றிப் பார்ப்பதும் கேட்பதும் மட்டும்தான். ஒவ்வோர் உறுப்பினரும் தன் பிரிவில் உள்ளவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்கட்டும்: இங்கே வேலை செய்வதில் உங்கள் உடம்பை அதிகம் வாட்டுவது எது? வந்த பதிலை அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வாருங்கள்.

எங்கள் அசெம்பிளி பிரிவில் பெண்கள் பலர் நீர்க்கடுப்பு என்று மருத்துவ அறைக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மாத்திரை கொடுத்தோம், நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். நலக்குழுவின் அக்கா போய்க் கேட்ட பிறகுதான் காரணம் தெரிந்தது. கழிப்பறை ஷெட்டின் மறுகோடியில் இருந்தது. போய்வரப் பத்து நிமிடம் ஆகும், அதற்குள் லைனில் பொருள் குவிந்துவிடும், சூப்பர்வைசர் முகம் மாறும். அதனால் அவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைத் தவிர்த்துவந்தார்கள். தண்ணீர் குடியுங்கள் என்று எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் அது தீராது. பக்கத்து ஸ்டோர் அறையை ஒட்டிக் கழிப்பறை கட்டி, இடையில் லைனைப் பார்த்துக்கொள்ள ஒருவரை ஏற்பாடு செய்த பிறகுதான் குறைந்தது.

தண்ணீர் எங்கே வைத்திருக்கிறது என்பதையும் பாருங்கள். ஆபீஸ் பக்கம் குளிர்ந்த தண்ணீரும் ஃபர்னஸ் பக்கம் காலி கேனும் இருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். கத்திரி வெயிலில் ஃபர்னஸ் பக்கம் நிற்கிறவருக்கு வெறும் தண்ணீர் மட்டும் போதாது, வியர்வையில் உப்பும் போகிறது. ஓ.ஆர்.எஸ். கரைப்பதைக் குழுவினருக்குச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். பெரிய பாக்கெட் ஒன்றை முழு 1 லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும். பாதி பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் குடிப்பது தவறு. நீர்மோர் நல்லதுதான், ஆனால் பிரஷர் உள்ளவர்களுக்கு உப்புப் போடாத மோர் தனியாக ஒரு பாத்திரத்தில் இருக்கட்டும். வேர்க்காமல் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் அது மயக்கம் இல்லை, வெப்பவாதம். நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். இதை எல்லா உறுப்பினரும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும்.

அடுத்தது உட்காருவது. தமிழ்நாட்டில் கடைகளிலும் நிறுவனங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. தி. நகர் துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே இருந்த பெண்களின் கால்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் திருத்தம் எவ்வளவு பெரியது என்று தெரியும். ஆலைகளில் நின்றே செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. ஆனால் இரண்டு சுற்றுக்கு இடையில் சாய்ந்துகொள்ள ஓர் உயரமான ஸ்டூல், காலுக்குக் கீழே ரப்பர் பாய், ஒரு காலை மாற்றி வைக்கச் சின்னப் படி ஆகியவற்றுக்கு யாரும் தடை சொல்லப் போவதில்லை. கேட்க ஆள் இல்லாததால்தான் அவை இல்லை.

இந்த மூன்றும் கொஞ்சமாவது சரியானால் குழுவின் சொல்லுக்கு மதிப்பு வரும். அதற்குப் பிறகு நீங்கள் சுகர் பார்க்கலாம் வாருங்கள் என்று கூப்பிட்டால் வருவார்கள்.

பிரஷர், சுகர் பார்ப்பது

சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளிவந்தது. அதன்படி நாட்டில் பெரியவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. உங்கள் ஷிப்ட்டில் நூறு பேர் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

பிரஷர் பார்ப்பதை எல்லா இடத்திலும் அவசரமாகச் செய்கிறார்கள். டீ இடைவேளையில் வரிசையில் நிற்க வைத்து, ஒருவர் பின் ஒருவராகக் கையை நீட்டச் சொல்கிறார்கள். அப்படி வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. நாங்கள் இப்படிச் செய்கிறோம். மருத்துவ அறை வாசலில் முதுகு சாய்கிற நாற்காலிகள் நான்கு போட்டிருக்கிறோம். வருகிறவர் முதலில் சிறுநீர் கழித்துவிட்டு வர வேண்டும். அரை மணி நேரத்துக்குள் டீ, காபி, பீடி கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பேசாமல் உட்காருவதுதான் எல்லோருக்கும் கஷ்டம், அதைப் பார்த்துக்கொள்ளவே ஓர் உறுப்பினர் அங்கே இருப்பார். பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் போடாமல். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்காமல், கையை நெஞ்சு உயரத்துக்கு மேசை மேல் வைத்து, மணிக்கட்டைத் தளர விடச் சொல்கிறோம். இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுகிறோம். 140/90-க்கு மேல் இருந்தால் பயமுறுத்துவதில்லை, வேறொரு நாள் மறுபடியும் பார்த்து, அப்போதும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் அனுப்புகிறோம். 180/120-ஐத் தாண்டி, தலைவலி, நெஞ்சுவலி, பார்வை மங்கல் எதுவும் இருந்தால் அன்றே, அப்போதே ஆஸ்பத்திரிதான்.

அனுப்புவதோடு வேலை முடிவதில்லை. மாத்திரை வாங்கினாரா, சாப்பிடுகிறாரா என்று மறுவாரம் கேட்க வேண்டும். நலக்குழு இருப்பதன் பெரிய பயனே இதுதான். டாக்டருக்கு நேரம் இல்லை, எனக்கு எல்லாரையும் பார்க்க முடியாது. பக்கத்து மிஷினில் நிற்கிறவர் கேட்க முடியும்.

வெளி உதவிகளைக் கைவசம் வையுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ.யில் வருகிறார்கள். அயனாவரத்திலும் கே.கே. நகரிலும் பெரிய இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. சம்பளத்திலிருந்து பிடித்தம் போகிறது, ஆனால் அட்டை எங்கே என்று தெரியாதவர்கள் ஏராளம். அட்டையையும் குடும்பத்தார் பெயர்களையும் சரிபார்த்துக் கொடுப்பதையே குழு ஒரு மாத வேலையாக எடுத்துக்கொள்ளலாம். வீடு தேடி வந்து மருத்துவம் பார்க்கும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியது. அதன் நீட்சியாகத் தொழிலிடங்களுக்கே வந்து பரிசோதிக்கும் திட்டத்தை அரசு 2024-இல் தொடங்கியது. உங்கள் பகுதி சுகாதார அலுவலரைப் போய்ப் பாருங்கள்.

கேன்டீன்

இதற்குக் கேன்டீன் மாஸ்டரின் ஒத்துழைப்பு வேண்டும். அதிகாரி சொல்லிச் செய்ய வைத்தால் அவர் மனசில்லாமல் செய்வார், சாப்பாடு வாயில் வைக்க விளங்காது. எங்கள் மாஸ்டரைக் குழுவிலேயே சேர்த்துக்கொண்டோம். டீயை முன்பு பெரிய பாத்திரத்தில் சர்க்கரை சேர்த்தே கொதிக்க வைப்பார்கள். ஒரு கிளாஸில் இரண்டு ஸ்பூனுக்குக் குறையாமல் இருக்கும். நாளுக்கு மூன்று டீ குடித்தால் அதிலேயே 25 கிராம் ஆகிவிடுகிறது. சேர்க்கும் சர்க்கரை அந்த அளவுக்குள் இருப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மாஸ்டர் தானே ஒரு யோசனை சொன்னார். சர்க்கரை போடாத டீயை இன்னொரு பாத்திரத்தில் வைத்து, பக்கத்தில் சர்க்கரை டப்பாவும் சின்ன ஸ்பூனும் வைத்தார். யாரையும் தடுக்கவில்லை. அவரவர் போட்டுக்கொள்ளும்போது கை தானாகக் குறைத்துக்கொண்டது. இஞ்சியும் ஏலக்காயும் கொஞ்சம் தாராளமாகத் தட்டிப் போட்டார், அது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

எடை குறைப்புப் போட்டி, அடி எண்ணும் போட்டி இரண்டையும் நான் சேர்த்துக்கொள்வதில்லை. எட்டு மணி நேரம் நிற்கிறவரை இன்னும் நடக்கச் சொல்வது நியாயமில்லை. எடையை எல்லோர் முன்னாலும் பலகையில் எழுதினால், உதவி தேவைப்படுகிறவர்கள்தான் முதலில் ஒதுங்குவார்கள். விளையாட்டு வேண்டும் என்றால் கேரம், கபடி வையுங்கள், சந்தோஷமாக இருக்கும்.

ரகசியம்

குழுவை ஒரே நாளில் உடைத்துவிடக்கூடியது வெளியே போன ஒரு பேச்சுதான். ஒருவருக்குச் சுகர் 300 இருந்தது என்று டீக்கடையில் யாராவது சொல்லிவிட்டால் அதன் பிறகு ஒருவரும் கையை நீட்டமாட்டார்கள். உறுப்பினர் நோட்டில் பெயரும் எண்ணும் சேர்ந்து இருக்கக் கூடாது. எண்கள் மருத்துவ அறையில் பூட்டிய பீரோவில் இருக்கட்டும். நிர்வாகத்துக்குப் போகிற அறிக்கையில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் டாக்டரிடம் அனுப்பப்பட்டார்கள் என்பது மட்டும் இருக்கட்டும். பிரிவுவாரியாகக்கூடக் கொடுக்காதீர்கள். நான்கு பேர் உள்ள பிரிவில் ஒருவருக்கு என்று எழுதினால் யார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். பதவி உயர்வுக்கோ கான்ட்ராக்ட் நீட்டிப்புக்கோ இந்த விவரங்களைத் தொடமாட்டோம் என்று மேலிடத்தின் கையெழுத்தையும் வாங்கி ஒட்டிவையுங்கள்.

உறுப்பினர்கள் தங்கள் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். பாலியல் தொல்லை பற்றி யாராவது சொன்னால் குழு விசாரிக்கக் கூடாது, சமாதானம் பேசவும் கூடாது. பத்துப் பேர் வேலை செய்கிற இடத்திலேயே அதற்கென்று உள்புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. புகார் கொடுக்க விரும்புகிறவரோடு அந்தக் கதவு வரைக்கும் துணைக்குப் போகலாம்.

மனக்கஷ்டத்தோடு வருகிறவர்களிடம் அறிவுரை சொல்லாமல் கேட்கப் பழக வேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் பலருக்குத் தூக்கமின்மைக்குக் காரணம் கடன். மொபைலில் எடுத்த கடன், வாரத் தவணைக் குழுக் கடன். வாழவே பிடிக்கவில்லை என்கிற பேச்சு வந்தால் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவரைத் தனியாக விடாமல் கூடவே இருந்து, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைக்க உதவுங்கள். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பின் எண் 044-24640050. இரண்டு எண்களும் கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கட்டும். யாரும் பார்க்காமல் குறித்துக்கொள்ள ஆலையில் உள்ள ஒரே இடம் அது.

கூட்டமும் கணக்கும்

மாதத்தின் கடைசி வாரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். டிஸ்பாட்ச் நெருக்கடியில் ஆள் விடமாட்டார்கள். இரண்டாம் வாரம் ஏற்றது. போன மாதம் கேட்டதற்கு வந்த பதிலை முதலில் படியுங்கள், பிறகு ஒவ்வொருவரும் தன் பிரிவிலிருந்து ஒரு விஷயம், பிறகு அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு வேலை. இந்த மூன்றுக்கு மேல் எடுத்தால் எதுவும் நடக்காது. நடந்ததைத் தமிழிலும், தேவைப்பட்டால் இந்தியிலும், ஒரு பக்கத்தில் எழுதிக் கேன்டீன் வாசலில் ஒட்டுங்கள். முடியாமல் போனதையும் சேர்த்தே எழுதுங்கள்.

பழைய மகாபலிபுரம் சாலை மென்பொருள் அலுவலகங்களில் இருக்கிற நண்பர்கள் இது தங்களுக்குப் பொருந்துமா என்று கேட்கிறார்கள். ஆள் தேடுகிற முறை அப்படியே பொருந்தும். அங்கே முதல் மாதத்தில் வருகிற பதில்கள் கழுத்துவலி, இரவு நேர அழைப்புகள், வண்டி நெரிசல் என்று வேறாக இருக்கும். ஹவுஸ்கீப்பிங் பெண்களையும் கேப் ஓட்டுநர்களையும் மறக்காமல் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களில் பாதிப் பேரை மாற்றுங்கள். எல்லோரையும் ஒரே சமயத்தில் மாற்றினால் பழக்கம் அறுந்துவிடும், யாரையும் மாற்றாவிட்டால் அவர்கள் களைத்துப் போவார்கள். விலகுகிறவர் தன் பிரிவிலிருந்து அடுத்தவரைத் தானே அழைத்துவந்து, இரண்டு கூட்டங்களுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துப் பழக்கிவிட்ட பிறகு விலகட்டும்.